காஃபீன், ஹாலோத்தேன், ரயனோடின்: தசைச் சோதனைக் கரைசல்களை எத்தனை நாள் நம்பலாம்?

தசைமேசை கேட்டது:

வணக்கம். மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா (சில மயக்க மருந்துகளால் சிலருக்கு வரும் ஆபத்தான கடும் உடற்சூடு) இருக்கிறதா என்று பார்க்க, ஐரோப்பிய நெறிமுறைப்படி தசைக்கீற்றில் செய்யும் கான்ட்ராக்சர் டெஸ்டுக்கு (மருந்து போட்டுத் தசை இறுக்கத்தை அளக்கும் சோதனை) எஸ்.ஓ.பி., அதாவது செய்முறை ஆவணம், திருத்திக்கொண்டிருக்கிறேன். பயாப்சி, கீற்றைக் கட்டுவது, மின் தூண்டல், பதிவு எல்லாம் எழுதியாகிவிட்டது. மருந்துக் கரைசல் பகுதிதான் முடியவில்லை. பழைய எஸ்.ஓ.பி.யில் எல்லா மருந்துக்கும் சேர்த்து ஒரே வரி: "4 டிகிரியில் வைக்கவும், ஒரு மாதத்துக்குள் பயன்படுத்தவும்." இந்த ஒரு மாதத்துக்கு எந்தக் கோப்பிலும் ஆதாரம் இல்லை.

எங்கள் அமைப்பு: 15 மி.லி. பாத் (கீற்றைத் தொங்கவிடும் கரைசல் தொட்டி), 37 டிகிரி, கார்போஜன் (95 சதவீத ஆக்சிஜன், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு). காஃபீன் தண்ணீரில் 100 மி.மோலார் ஸ்டாக் (சேமித்துவைக்கும் அடர்கரைசல்). குளோரோக்ரெசால் டி.எம்.எஸ்.ஓ.வில் (ஒரு கரிமக் கரைப்பான்) 200 மி.மோலார். ரயனோடின் டி.எம்.எஸ்.ஓ.வில் 10 மி.மோலார். ஆவியாகும் மயக்க மருந்தான ஹாலோத்தேன், வேப்பரைசர் (ஆவியாக்கும் கருவி) வழியாக. அதே அறையில் மென்தசைக் குழுவும் வேலை செய்கிறது. அசிட்டைல்கோலின், நார்அட்ரினலின், அட்ராக்யூரியம் (தசைத் தளர்த்தி) அவர்களுடையவை. ஃப்ரிட்ஜ் பொது.

தெரியவேண்டியது: ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக என்ன எழுதுவது? சோதனை முடிவில் கொடுக்கும் 32 மி.மோலார் காஃபீனுக்கு நல்ல இறுக்கம் வந்தால், அன்றைய காஃபீன் ஸ்டாக் சரியாக இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

மோலார் எழுதியது:

இரண்டாவது கேள்வியில் தொடங்குகிறேன், அதில்தான் ஆபத்து இருக்கிறது. எடுத்துக்கொள்ளக் கூடாது.

32 மி.மோலார் என்பது உயிருள்ள எந்தக் கீற்றையும் இறுக வைக்கும் அளவு. அது கீற்று உயிரோடு இருக்கிறதா என்பதற்கான சோதனை. ஸ்டாக் 15 சதவீதம் குறைந்திருந்தால் அந்த இடத்தில் கிடைப்பது 27 மி.மோலார்; அதற்கும் கீற்று நன்றாகவே இறுகும். பதிவைப் பார்த்து எந்த வித்தியாசமும் சொல்ல முடியாது.

முடிவைத் தீர்மானிக்கும் இடமோ வேறு. 0.5, 1, 1.5, 2, 3, 4 என்று ஏற்றிக்கொண்டு போகிறோம். அடிநிலை இழுவிசை குறைந்தது 2 மி.நியூட்டன் உயர்ந்து நிற்கும் முதல் செறிவுதான் த்ரெஷோல்ட். அது 2 மி.மோலாருக்குள் வந்தால் காஃபீனுக்கு பாசிட்டிவ். இப்போது அதே 85 சதவீத ஸ்டாக்கை வைத்துப் பாருங்கள். நீங்கள் "2" என்று எழுதும்போது பாத்தில் இருப்பது 1.7. உண்மையான த்ரெஷோல்ட் 2 ஆக உள்ள கீற்று அங்கே அசையாது; அடுத்த படியில், நீங்கள் "3" என்று குறிக்கும் 2.55-ல்தான் இறுகும். அறிக்கையில் காஃபீன் நெகட்டிவ். ஹாலோத்தேன் கரைசலிலும் அதே மாதிரி கசிவு இருந்துவிட்டால், ஆவியாகும் மயக்க மருந்தும் சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்த்தியும் கொடுக்கலாம் என்ற சான்றோடு ஒருவரை அனுப்பிவிடுவோம். பலவீனமான கரைசல் இந்தச் சோதனையில் எப்போதும் தவறான நெகட்டிவ் பக்கமே தள்ளும் என்பதை எஸ்.ஓ.பி.யின் முதல் வரியாகவே போடுங்கள்.

அடுத்தது காஃபீன். இது வேதியியல்படி மிக உறுதியான பொருள். நடுநிலைக் கரைசலில், 37 டிகிரியில், ஒரு நாள் முழுக்க இருந்தாலும் சிதையாது. வலுவான காரத்தில்தான் உடையும். அதன் பிரச்சினை சிதைவு இல்லை, படிகமாவது. அறை வெப்பத்தில் 1 கிராம் காஃபீன் கரைய சுமார் 46 மி.லி. தண்ணீர் வேண்டும், அதாவது லிட்டருக்கு 21.7 கிராம். உங்கள் 100 மி.மோலார் ஸ்டாக் லிட்டருக்கு 19.4 கிராம். நிறைவுக்கு மிக அருகில் நிற்கிறது. அதைக் கொண்டுபோய் 4 டிகிரியில் வைத்தால் ஊசி ஊசியாகப் படிகம் இறங்கும். மேலிருந்து பைப்பெட் செய்தால் செறிவு குறைவு. அடியைக் கலக்கிப் படிகத்தோடு எடுத்தால் கூடுதல். பழைய எஸ்.ஓ.பி.யின் "4 டிகிரியில் வைக்கவும்" என்ற அறிவுரையே இந்த மருந்தைக் கெடுக்கிறது.

செய்யவேண்டியது: 80 மி.மோலாருக்கு இறங்குங்கள். 250 மி.லி.க்கு 3.884 கிராம். சுமார் 60 டிகிரி வெந்நீரில் 200 மி.லி. அளவில் கரைத்து, அறை வெப்பத்துக்கு முழுக்க ஆறிய பிறகு அளவுக் குடுவையில் கோடு வரை நிரப்புங்கள். சூட்டோடு கோட்டுக்குக் கொண்டுவந்தால் ஆறியதும் மட்டம் இறங்கி, செறிவு கூடிவிடும். 0.22 மைக்ரான் வடிகட்டி, மூடிய கண்ணாடிப் புட்டியில், 20–25 டிகிரியில். ஃப்ரிட்ஜ் வேண்டாம். ஒரு வாரம் என்று எழுதலாம். அதற்குமேல் வைக்காமல் இருப்பது கிருமிக்காக, காஃபீனுக்காக அல்ல.

பாட்டில் லேபிளையும் படியுங்கள். நீரற்ற காஃபீனின் மூலக்கூறு எடை 194.2, மோனோஹைட்ரேட் 212.2. மோனோஹைட்ரேட்டை நீரற்றதாக நினைத்து நிறுத்தால் கரைசல் எட்டு சதவீதத்துக்கு மேல் பலவீனமாகிவிடும். போதாததற்கு மோனோஹைட்ரேட் உலர்ந்த காற்றில் நீரை இழந்துகொண்டே இருக்கும். பழைய பாட்டிலில் எது இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. காஃபீன் சிட்ரேட் அறவே கூடாது: எடையில் பாதிதான் காஃபீன், மீதி அமிலம், பாத்தின் பிஎச்சைக் கீழே இழுக்கும்.

---

நீர்க்குமிழ் எழுதியது:

மோலார் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஹாலோத்தேனையும் குளோரோக்ரெசாலையும் நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் எதிரி குழாய்தான்.

ஹாலோத்தேன் 50 டிகிரியில் கொதிக்கும் திரவம். இதற்கு ஸ்டாக் கரைசல் என்று ஒன்று வைத்துக்கொள்ள நினைக்கவே வேண்டாம்; பைப்பெட் முனையிலிருந்தே ஆவியாகும். கார்போஜனோடு வேப்பரைசர் வழியாக விடுவதுதான் வழி. புட்டியில் இருக்கும்போது வெளிச்சம் அதைச் சிதைக்கும், ஆகவே பழுப்புப் புட்டி, அதில் நிலைப்படுத்தியாக 0.01 சதவீதம் தைமால். அந்தத் தைமால் ஆவியாகாது. ஹாலோத்தேன் போகப் போக வேப்பரைசருக்குள் தைமால் சேரும், திரவம் மஞ்சளாகும், திரி பிசுபிசுப்பாகும், வெளியீடு மாறும். மஞ்சளைப் பார்த்த பிறகு வடிப்பது தாமதம். ஒவ்வொரு சோதனை நாள் முடிந்ததும் வடித்துவிட்டு, அடுத்த முறை புதுப் புட்டியிலிருந்து நிரப்புங்கள். மிச்சத்தைப் பழைய புட்டிக்குள் திருப்பி ஊற்றாதீர்கள்.

டயலில் 2 சதவீதம் என்று இருப்பதால் பாத்தில் 0.44 மி.மோலார் வந்துவிடாது. ரப்பர் குழாய் ஹாலோத்தேனை வாயுவைவிட நூறு மடங்குக்கு மேல் உறிஞ்சும், சிலிக்கோனும் பி.வி.சி.யும் குடிக்கும். வேப்பரைசரிலிருந்து பாத் வரை பி.டி.எஃப்.இ. குழாய், அல்லது கண்ணாடி. இணைப்பில் மட்டும் ஒரு செ.மீ. மென்குழாய். நான்கு பாத்துக்கு ஒரே குழாயைப் பிரித்து விட்டிருந்தால் கடைசி பாத்துக்குக் குறைவாகவே போகும். மிகக் குறைந்த ஓட்டத்தில் வேப்பரைசரின் வெளியீடே டயலிலிருந்து விலகும் என்பதையும் நினைவில் வையுங்கள். வேண்டியதைவிட அதிகமாக ஓட்டி, உபரியை ஃபியூம் ஹூடுக்குள் விடலாம்.

சரிபார்ப்பது கேஸ் குரோமட்டோகிராபியில், அதுவும் பாத் திரவத்தை எடுத்து. வேப்பரைசர் வாயில் அளப்பது அரை உண்மை. வாயு புகாத கண்ணாடி சிரிஞ்சில் ஒவ்வொரு பாத்திலிருந்தும் எடுத்து, காற்று இடம் இல்லாமல் வயலை விளிம்பு வரை நிரப்பி, டெஃப்லான் முகம் கொண்ட மூடியால் கிரிம்ப் செய்யுங்கள். வயலில் கொஞ்சம் காற்று விட்டாலும் ஹாலோத்தேன் அதற்குள் போய்விடும், எண் குறையும். 0.11, 0.22, 0.44 மூன்று படிகளிலும் எடுக்கவேண்டும். ஒரு படி சரியாக இருந்தால் மற்றதும் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது.

குளோரோக்ரெசால்: இது ஃபீனால் இனம். வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சள், பிறகு பழுப்பு. இரும்பு உப்பு பட்டால் நிறம் மாறும், அதனால் துருப்பிடித்த ஸ்பாட்டுலா கூடாது. ஆனால் சோதனை நாளில் நடக்கும் பெரிய இழப்பு ஆக்சிஜனேற்றத்தால் இல்லை. ரப்பரும் மென்பிளாஸ்டிக்கும் அதை விழுங்கிவிடும். பாத் திரவத்தைப் பெரிஸ்டால்டிக் பம்பில் சுற்றவிட்டால் 200 மைக்ரோமோலார் என்று போட்டது நிலைக்காது. புதுக் குழாய் அதிகம் குடிக்கும். அதைவிட மோசமானது, குடித்த குழாய் அடுத்த கீற்றுக்கு அலசும்போது மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கும். அந்தக் கீற்று காஃபீன் போடுவதற்கு முன்பே ரயனோடின் ரிசெப்டரை (தசைக்குள் கால்சியத்தை வெளிவிடும் வாயிலை) கிளறும் ஒரு பொருளில் ஊறிக்கொண்டிருக்கும். குளோரோக்ரெசாலுக்குத் தனி பாத், தனிக் குழாய், சுற்றோட்டம் இல்லாமல் நேரடியாக. இதில் சமரசம் வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் கீற்று இல்லாமல் வெறும் கிரெப்ஸில் (பாத்தை நிரப்பும் உப்புக் கரைசல்) 200 மைக்ரோமோலார் போட்டு, உடனே ஒன்று, 30 நிமிடத்தில் ஒன்று எடுத்து 280 நானோமீட்டரில் பாருங்கள். பிளாங்கில் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. இருக்கவேண்டும். எண் இறங்கினால் உங்கள் குழாய்தான் காரணம், மருந்து இல்லை.

இன்னொரு விஷயம், யாரும் கவனிப்பதில்லை. உலர்ந்த கார்போஜன் பாத்திலிருந்து தண்ணீரை எடுத்துக்கொண்டு போகும். 37 டிகிரியில் நிறைவுற்ற ஈரப்பதம் லிட்டர் வாயுவுக்கு 44 மி.கிராம். நிமிடத்துக்கு 200 மி.லி. ஓடினால் மணிக்கு அரை மி.லி. போகும். 15 மி.லி. பாத்தில் அது 3.5 சதவீதம். மருந்து அழியாமலேயே செறிவு ஏறும், உப்பும் ஏறும். வாயுவை 37 டிகிரி தண்ணீர்ப் புட்டி வழியாக விட்டால் போதும். ஹாலோத்தேன் வரிசையில் அந்தப் புட்டியும் கொஞ்சம் ஹாலோத்தேன் எடுத்துக்கொள்ளும், ஆகவே சமநிலைக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

---

தசைமேசை எழுதியது:

மிக்க நன்றி, இரண்டு பேருக்கும். காஃபீனை 80 மி.மோலாராகக் குறைத்தால் 32 மி.மோலாரைப் பாத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது? 100-லேயே பெரிய அளவு சேர்க்கவேண்டியிருக்கிறதே. வாராவாரம் ஸ்டாக்கை எதை வைத்துச் சோதிப்பது? எச்.பி.எல்.சி. எங்களிடம் இல்லை, யு.வி. ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறது.

---

மோலார் எழுதியது:

100 மி.மோலாரிலும் 32-ஐ ஸ்டாக் சேர்த்து எட்டக் கூடாது. கணக்குப் பாருங்கள். 15 மி.லி. பாத்தில் 32 மி.மோலார் வர 100 மி.மோலார் ஸ்டாக் 7.06 மி.லி. சேர்க்கவேண்டும். பாத்தின் மொத்தம் 22 மி.லி. ஆகும், கிரெப்ஸ் 68 சதவீதமாக நீர்த்துப்போகும், 2.5 மி.மோலார் கால்சியம் 1.7 ஆகிவிடும், சோடியமும் அதே விகிதத்தில் இறங்கும். அப்போது வரும் இறுக்கம் காஃபீனுக்கா, உப்பு மாறியதற்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

32-க்குத் தனிக் கரைசல்: 100 மி.லி. கிரெப்ஸில் 0.621 கிராம் காஃபீன், அன்றன்று, 37 டிகிரியில் கார்போஜன் விட்டுக்கொண்டே கரைத்தது. பாத்தை வடித்துவிட்டு இதை ஊற்றுங்கள். கீழ்ப்படிகளுக்கும் ஸ்டாக்கைத் தண்ணீரில் வைக்காமல் அன்றைய கிரெப்ஸில் கரைத்தால் நீர்ப்புப் பிரச்சினையே வராது. ஆனால் அதில் குளுக்கோஸ் இருப்பதால் மறுநாளைக்கு வைக்கக் கூடாது. தண்ணீரில்தான் வைப்பேன் என்றால், 80 மி.மோலாரிலிருந்து 2 மி.மோலார் வர மொத்தம் 0.385 மி.லி.; 2.5 சதவீத நீர்ப்பு, பொறுத்துக்கொள்ளலாம். 4 மி.மோலாரில் 5 சதவீதம் ஆகிவிடும். நான் கிரெப்ஸையே தேர்ந்தெடுப்பேன்.

யு.வி. காஃபீனுக்குப் போதும். தண்ணீரில் உச்சம் 273 நானோமீட்டர், மோலார் உறிஞ்சுதிறன் சுமார் 9,700. 80 மி.மோலார் ஸ்டாக்கை முதலில் 0.1 மி.லி. எடுத்து 10 மி.லி., அதிலிருந்து 0.5 மி.லி. எடுத்து 10 மி.லி. ஆக 2,000 மடங்கு, 40 மைக்ரோமோலார். 1 செ.மீ. குவார்ட்ஸ் செல்லில் 0.39 வரவேண்டும். சாதாரண பாலிஸ்டைரீன் செல் இந்த அலைநீளத்தில் தானே உறிஞ்சும், அதில் எண் எடுக்காதீர்கள். புட்டியை அசைக்காமல் மேலிருந்து ஒன்று, குலுக்கிவிட்டு ஒன்று எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கேயோ படிகம் இருக்கிறது. உங்கள் தராசும் பைப்பெட்டும் சரியாக இருந்தால் 3 சதவீதத்துக்குள் நிற்கும். 5-ஐத் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

இதே யு.வி.யைக் குளோரோக்ரெசால் ஸ்டாக்கின் வயதைச் சொல்ல நம்பாதீர்கள். சிதைந்த பொருளும் அதே இடத்தில் உறிஞ்சலாம். எண் மாறாமல் மருந்து குறைந்திருக்கும். காஃபீன் சிதைவதில்லை, தொலைவது மட்டும்தான். அதனால்தான் அங்கே யு.வி. செல்லுபடியாகிறது. ஆக்சிஜனேற்றமோ நீராற்பகுப்போ நடக்கும் மருந்துக்குப் பிரித்துப் பார்க்கும் முறை, அதாவது எச்.பி.எல்.சி., வேண்டும். அது இல்லாதவரை ஸ்டாக்கின் ஆயுளைக் குறுக்கிக்கொள்வதுதான் ஒரே பாதுகாப்பு.

---

வடிகலன் எழுதியது:

ரயனோடின், டி.எம்.எஸ்.ஓ. பற்றி.

டி.எம்.எஸ்.ஓ. 18.5 டிகிரியில் உறையும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த ஸ்டாக் கட்டியாக இருப்பது கெட்டுப்போனதாலல்ல. சிக்கல் கரைக்கும்போது வரும். ஓரத்தில் உருகியதை மட்டும் உறிஞ்சினால் செறிவு சரியாக இருக்காது. முழுக்க உருகி, வோர்டெக்ஸ் செய்து, ஒரு சொடுக்கு மையவிலக்கில் சுற்றி, அதன்பிறகே எடுக்கவேண்டும். குளிர்ந்த குப்பியைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும், டி.எம்.எஸ்.ஓ. தண்ணீரை ஆவலோடு இழுக்கும். ஒவ்வொரு திறப்புக்கும் கரைசல் கொஞ்சம் நீர்த்துப்போகும், நீரில் கரையாத மருந்து வெளியே வரத் தொடங்கும். ஆகவே ஒருமுறைக்கு ஒரு குப்பி: 20 மைக்ரோலிட்டர் வீதம் பாலிப்ரொப்பிலீன் குப்பிகளில், மைனஸ் 20-ல், ஃபாயில் சுற்றி. அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறங்கள். மிச்சத்தை மறுபடி உறையவைக்காதீர்கள். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் அவ்வப்போது சூடாகி இறங்கும், மருந்துக் குப்பிக்கு அது உகந்ததல்ல.

ரயனோடின் மூலக்கூறு எடை 493.5, 10 மி.மோலார் என்றால் மி.லி.க்கு 4.94 மி.கிராம். உங்கள் பாத்தில் 1 மைக்ரோமோலார் வர 10 மி.மோலார் ஸ்டாக்கில் 1.5 மைக்ரோலிட்டர் எடுக்கவேண்டும். அந்த அளவில் எந்தப் பைப்பெட்டும் நம்பகமில்லை. முனையின் வெளிப்புறத்தில் ஒட்டியதே பாதி அளவு இருக்கும். டி.எம்.எஸ்.ஓ.விலேயே 1 மி.மோலார் இடைக்கரைசல் செய்து 15 மைக்ரோலிட்டர் போடுங்கள், டி.எம்.எஸ்.ஓ. 0.1 சதவீதம்தான் வரும். குளோரோக்ரெசால் 200 மி.மோலார் ஸ்டாக்கிலிருந்து 200 மைக்ரோமோலாருக்கும் அதே 15 மைக்ரோலிட்டர், அதே 0.1 சதவீதம். ஒரே டி.எம்.எஸ்.ஓ. கன்ட்ரோல் இரண்டுக்கும் பொருந்தும் என்பது கூடுதல் வசதி.

ரயனோடின் ஓர் எஸ்டர். காரத்தில் உடைந்து ரயனோடால் ஆகிவிடும். நீரில் நீர்த்த கரைசலை வைத்துக்கொள்ளாதீர்கள்: உடைவதும் நடக்கும், சுவரில் ஒட்டிக்கொள்வதும் நடக்கும். இயற்கையாக எடுக்கும் ரயனோடினில் டீஹைட்ரோரயனோடினும் கலந்திருக்கும். இறுக்கம் தொடங்கும் நேரத்தை அளக்கும் சோதனையில் புது லாட்டைப் பழைய லாட்டோடு ஒப்பிடாமல் மாற்றுவது சரியில்லை. லாட் எண்ணும் தூய்மை அறிக்கையும் ஒவ்வொரு பதிவோடும் போகவேண்டும்.

ரயனோடின் எவ்வளவு அலசினாலும் ரிசெப்டரை விட்டுப் போகாது. அந்தக் கீற்றை வேறு சோதனைக்குத் திருப்பாதீர்கள். பாத்தை எத்தனாலால் கழுவி, பிறகு தண்ணீரால் பலமுறை. நச்சுத்தன்மை அதிகம், பொடியை நிறுக்காமல் பாட்டிலுக்குள்ளேயே டி.எம்.எஸ்.ஓ. ஊற்றிக் கரைத்துவிடுவது நல்லது.

டான்ட்ரோலீன் வைத்து இறுக்கம் தளர்கிறதா என்று பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆஸ்பத்திரி 20 மி.கிராம் வயலை அப்படியே பாத்துக்குள் கொண்டுவராதீர்கள். அதில் 3 கிராம் மானிட்டால் இருக்கிறது, கரைத்த கரைசலின் பிஎச் 9.5. கரைத்ததும் வெளிச்சம் படாமல் 6 மணி நேரம்தான். உப்புநீரோடு கலந்தால் ஆரஞ்சுப் படிகமாக இறங்கும். தூய பொடியை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்து அன்றே பயன்படுத்துங்கள். போட்டபின் பாத்தைப் பின்னாலிருந்து ஒளி விட்டுப் பாருங்கள், மின்னும் துகள் தெரிந்தால் செறிவு எவ்வளவு என்று சொல்ல வழியில்லை.

---

இலியம் எழுதியது:

அதே அறையின் மென்தசைக் குழுவுக்கும் சேர்த்து எழுதுகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். அவர்கள் மருந்துகள் உங்களுடையவற்றுக்கு நேரெதிர். காஃபீனுக்குக் குளிர் கூடாது. இவற்றுக்குக் குளிரும் அமிலமும் இல்லாவிட்டால் வாழ்வில்லை.

அசிட்டைல்கோலின் நீரில் உடைந்து கோலினும் அசிட்டேட்டும் ஆகும். பிஎச் 4 பக்கத்தில்தான் உடைவு மிகக் குறைவு. காரப் பக்கம் போகப் போக, பிஎச் ஒன்று ஏறினால் வேகம் பத்து மடங்காகும். ஆகவே 100 மி.மோலார் ஸ்டாக்கை, மி.லி.க்கு 18.2 மி.கிராம், பிஎச் 4 முதல் 5 வரையான தண்ணீரில் கரையுங்கள். சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கொஞ்சம் போட்டாலே அந்த இடத்துக்கு வந்துவிடும். பலர் செய்வது, சோதனைக்குழாயில் கிரெப்ஸை ஊற்றி அதில் நீர்ப்பு வரிசை போட்டு மேசையில் வைப்பது. கார்போஜன் இல்லாத கிரெப்ஸிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் 8-ஐத் தாண்டும். பாத்துக்குள் பத்திரமாக இருக்கும் மருந்து, குழாய்க்குள் மணிக்கணக்கில் உடைந்துகொண்டிருக்கும். நீர்ப்பெல்லாம் அமிலமாக்கிய தண்ணீரில், ஐஸ் மேல். பொடி காற்று ஈரத்தை இழுத்துக் கூழாகும். டெசிகேட்டரில் வைத்து விரைவாக நிறுங்கள். நிலையாக நிற்கும் அகோனிஸ்ட் (ரிசெப்டரைத் தூண்டும் மருந்து) போதும் என்றால் கார்பகால் எடுத்துக்கொள்ளலாம்.

நார்அட்ரினலின், அட்ரினலின், ஐசோப்ரினலின் மூன்றும் கேட்டகால். ஆக்சிஜனும் ஒரு துளி செம்பு அல்லது இரும்பும் இருந்தால் போதும், இளஞ்சிவப்பாகிவிடும். பாத்திலோ 95 சதவீத ஆக்சிஜன்! ஸ்டாக் 10 மி.மோலார், 0.01 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 1 மி.மோலார் அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து, ஃபாயில் சுற்றி, உறைநிலையில் சிறு குப்பிகளாக. பாத் கிரெப்ஸில் 30 மைக்ரோமோலார் ஈ.டி.டி.ஏ. உலோகத்தைப் பிடித்துவைக்கும். நிறம் தெரியும்போது இழப்பு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். நிறமில்லாமை நல்ல நிலைக்குச் சான்றாகாது. எடைக் கணக்கில் கவனம்: பைடார்ட்ரேட் மோனோஹைட்ரேட் 337.3, காரம் 169.2. உப்பு எடையைக் காரமாக எடுத்தால் பாதி மருந்துதான் போகும்.

அட்ராக்யூரியம் பற்றித் தனியாகச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் அதை வயலில் பாதுகாத்தால் மட்டும் போதாது. ஹாஃப்மன் சிதைவுக்கு (மூலக்கூறு தானாகவே உடைவது) நொதியே வேண்டாம். பிஎச்சும் வெப்பமும் போதும். வயலுக்குள் பிஎச் 3.5, குளிர், அதனால் நிற்கிறது. பிஎச் 7.4, 37 டிகிரி பாத்தில் அரை ஆயுள் சுமார் 20 நிமிடம். ஃப்ரெனிக் நரம்பு–உதரவிதான அமைப்பில் போட்டுவிட்டு 40 நிமிடம் காத்திருந்தால் பாத்தில் கால் பங்குதான் மிச்சம். துடிப்பு மீள்வதைப் பார்த்து "தசை பழகிக்கொண்டது" என்று எழுதியிருப்பதைக் காணலாம். மருந்து போய்விட்டது என்பதுதான் விஷயம். நிலையான தடுப்பு வேண்டுமென்றால் பாத்தில் சேர்த்துவிட்டு நிற்காமல், புதுக் கரைசலைத் தொடர்ந்து ஓடவிடுங்கள், அதன் சேமிப்புப் புட்டி ஐஸில் இருக்கட்டும், பாத்துக்கு நுழையும் முன்புதான் சூடாக வேண்டும்.

---

நீர்க்குமிழ் எழுதியது:

இலியம் சொன்னதோடு நிஃபெடிப்பினையும் (கால்சியம் தடுப்பு மருந்து) சேருங்கள். சாதாரண அறை விளக்கே அதைச் சிதைக்கப் போதும். மஞ்சள் சோடியம் விளக்கில் கையாளுங்கள், பாத்துக்கும் ஃபாயில் சட்டை போடுங்கள்.

எச்.பி.எல்.சி. இல்லாதவர்கள் பழைய ஸ்டாக்கையும் புது ஸ்டாக்கையும் ஒரே தசையில் மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பிடலாமே?

---

மோலார் எழுதியது:

ஒப்பிடலாம், எது தெரியும் எது தெரியாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு. பாதி மருந்து போயிருந்தால் மருந்தளவுக்கு எதிரே இறுக்கத்தைக் குறிக்கும் வளைவு 0.3 லாக் அலகு வலப்பக்கம் நகரும்; அது கண்ணுக்குத் தெரியும். 10 சதவீதம் போயிருந்தால் நகர்வு 0.05-க்கும் குறைவு. ஒரே தசையில் இரண்டு வளைவு எடுத்தாலே அந்த அளவு ஆட்டம் இருக்கும். அசிட்டைல்கோலின், நார்அட்ரினலின் போன்ற, பத்துப் பத்து மடங்காக ஏறும் சோதனைகளில் 10 சதவீதம் பெரிய விஷயமில்லை, எனவே தசை ஒப்பீடு போதும். புதிது, பழையது, பழையது, புதிது என்ற வரிசையில் போடுங்கள். தசை சோர்வது இரண்டு பக்கமும் சமமாக விழும்.

கான்ட்ராக்சர் டெஸ்டில் காஃபீன் படிகள் 2 மி.மோலார் வரை அரை மி.மோலார் இடைவெளியில் இருக்கின்றன, தீர்ப்பு ஒரே ஒரு படியில் நிற்கிறது. அங்கே 10 சதவீதமே தீர்ப்பை மாற்றும். தசையை வைத்து ஸ்டாக்கைச் சோதிப்பது இந்த இடத்தில் சரிப்படாது.

---

தசைமேசை எழுதியது:

புரிகிறது. கடைசியாக ஒன்று: கிரெப்ஸை 10 மடங்கு ஸ்டாக்காக வைத்திருக்கிறோம், கால்சியம், குளுக்கோஸ் உட்பட எல்லாம் சேர்த்து. நீர்க்கும்போது சில நாள் லேசாகக் கலங்குகிறது. வடிகட்டிப் பயன்படுத்தலாமா?

---

வடிகலன் எழுதியது:

வேண்டாம். கலங்குவது கால்சியம் பாஸ்பேட்டும் கார்பனேட்டும். வடிகட்டினால் கரைசல் தெளிவாகிவிடும், ஆனால் கால்சியம் எவ்வளவு போனது என்று தெரியாது. காஃபீன் த்ரெஷோல்டைப் பார்க்கும் சோதனையில் அது மருந்துச் செறிவு தவறுவதற்குச் சமம்.

10 மடங்கு ஸ்டாக்கில் சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, மெக்னீசியம் சல்பேட், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மட்டும் இருக்கட்டும். சோதனை நாள் காலையில் 1 லிட்டருக்கு அதில் 100 மி.லி., தண்ணீர் 800 மி.லி., சோடியம் பைகார்பனேட் 2.10 கிராம், குளுக்கோஸ் 2.00 கிராம். கார்போஜனை 20–30 நிமிடம் விட்டு, 37 டிகிரியில் பிஎச் 7.35–7.45 வந்ததை மீட்டரில் பார்த்த பிறகுதான் கால்சியம்: 1 மோலார் கால்சியம் குளோரைடு 2.5 மி.லி., கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக. பிறகு லிட்டருக்கு நிரப்புங்கள். கால்சியம் குளோரைடு பொடி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் அதை நிறுக்காமல் அளந்து விற்கும் 1 மோலார் கரைசலையே வாங்குங்கள். வாயு நின்ற கிரெப்ஸ் கலங்கினால் மறுபடி வாயு விட்டுத் தெளிய வைக்க முயலாமல் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.